ஈர அச்சு

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நான் நலம். நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முழங்கால் வலி குறைந்ததா? இஸ்திரிப் பெட்டிக்கு முன்னால் நாள் முழுக்க நிற்காதே என்றால் நீ கேட்கவா போகிறாய்.

வேலை கிடைத்துவிட்டது. மரப்பட்டறையில் இல்லை. கிளம்பும்போது நீ தடுப்பாய் என்று தெரிந்துதான் பொய் சொன்னேன். நான் சேர்ந்திருப்பது மணிப்பட்டறையில். அதே பட்டறை, அதே முதலாளி. நான் யாருடைய மகன் என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது.

தங்குவதற்குத் தகரக்கூரை போட்ட மாடி அறை. நான்கு கட்டில், ஒரே ஜன்னல். சுவரில் கை வைத்தால் கரி ஒட்டுகிறது. அச்சுகளைக் காயவைப்பது என் வேலை. களிமண்ணில் வைக்கோலைக் குழைத்து உள்ளச்சு, மேலச்சு என்று இரண்டு செய்கிறார்கள். ஒன்றின்மேல் ஒன்றைக் கவிழ்த்தால் நடுவில் மணியின் கனத்துக்கு இடைவெளி இருக்கும். அதைக் குழிக்குள் இறக்கி, உருகிய வெண்கலத்தை ஊற்றுவார்கள். அந்த நேரத்தில் கொட்டகையில் யாரும் வாய் திறக்கக் கூடாது. பேசினால் பேசியவரின் குரல் உலோகத்தோடு அச்சுக்குள் இறங்கிவிடும். பிறகு அந்த மணி அந்தக் குரலில் ஒலிக்கும், ஆள் ஊமையாகிவிடுவார். வார்த்தை தங்காது, குரல் மட்டும் தங்கும். அதனால் எல்லோரும் வாயில் துணி கட்டிக்கொண்டு கைச்சாடையில்தான் வேலை செய்கிறோம்.

குழியோரத்தில் ஒரு நாற்காலி கிடக்கிறது. கை வைத்த நல்ல நாற்காலி. குழிக்கு முதுகைக் காட்டிப் போட்டிருக்கிறார்கள். பழைய உலோகத்தை ஏலம் விட வேண்டும் என்று கூப்பிட்டு அப்பாவை உட்கார வைத்தது அதில்தான். அவர் பாட்டுக்கு ஏலம் கூவிக்கொண்டிருக்க, பின்னால் ஊற்றியிருக்கிறார்கள்.

பட்டறை வாசலில் வேலை நேரத்துக்கு அடிக்கும் மணி தொங்குகிறது. முதல் நாள் காலையில் அது அடித்தபோது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். "இதோ வர்றேம்பா" என்று சொல்லிவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். அக்கா, அது அப்பா. சந்தையில் நின்று கூவினால் நாலு தெருவுக்குக் கேட்குமே, அதே குரல். தினமும் அதுதான் என்னை வேலைக்குக் கூப்பிடுகிறது.

அப்பாவை விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி


ஜனவரி 17

தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். அப்பா நலம். என் முழங்காலும் நலம். நலமில்லாதது உன் புத்தி ஒன்றுதான்.

கடிதத்தைக் கடையிலேயே பிரித்துப் படித்தேன். ஒரு வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பட்டி கருகிப்போய்விட்டது. கடைக்காரம்மா என் மூஞ்சியைப் பார்த்துவிட்டுச் சட்டையை வாங்கி ஓரமாக வைத்தார்.

அங்கே எதற்குப் போனாய் என்று கேட்கமாட்டேன், எனக்குத் தெரியும். புகார் கொடுக்கப் போன அன்று அந்த அதிகாரி, "பாதிக்கப்பட்டவர் அவரே வாயால சொல்லட்டும்" என்று சொன்னபோது உன் கை என் கையை நசுக்கியதே, அன்றைக்கே தெரியும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அதிலும் நீ நம் குடும்பத்து ஆத்திரத்தையெல்லாம் மொத்தமாக வாங்கிக்கொண்டு பிறந்தவன். அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பி வா.

அப்பாவிடம் நீ மரப்பட்டறையில் இருப்பதாகவே சொல்லி வைத்திருக்கிறேன். உண்மை தெரிந்தால் அந்த மனிதர் தாங்கமாட்டார். இப்போதும் தெருவில் வண்டி நின்றால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறார். நீ பத்திரமாக இருக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று உனக்குச் சொல்லச் சொன்னார்.

அந்த மணி எப்படி ஒலிக்கிறது என்று இனிமேல் எனக்கு எழுதாதே. எழுதினால் எல்லாவற்றையும் எழுது.

உன் அக்கா


பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதமும் திட்டும் பத்திரமாக வந்து சேர்ந்தன. நலம், நலம் அறிய ஆவல். அப்பா சொல்லச் சொன்னார் என்று எழுதியிருக்கிறாய். பேச்சு போனவர். வாயால் பிழைத்தவன் கையால் பேசமாட்டேன் என்று பேனாவைத் தூக்கி எறிந்தவர். அவர் எப்படிச் சொன்னார் என்று கேட்கலாமா? சரி, விடு. நீ அவர் பெயரால் எழுதும் பொய்கள் எனக்குப் பிடித்திருக்கின்றன. தொடர்ந்து எழுது.

அந்த மணி காலையில் தெளிவாக இருக்கும். மாலையில் கொஞ்சம் கரகரப்பு. மழை நாளில் அப்பாவுக்கு ஜலதோஷம் பிடித்த மாதிரியே இருக்கிறது. கேட்டாய், எழுதிவிட்டேன்.

போன வாரம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் பெரிய சம்மட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். ஒரே அடியில் உடைத்துவிடலாம், குரல் அப்பாவிடம் பறந்து போய்விடும் என்று நினைப்பு. ஓங்கிய கையை ஒரு பெண் வந்து பிடித்தார். அச்சு செய்கிறவர், அச்சுக்காரம்மா என்று கூப்பிடுவோம். அம்மா உயிரோடிருந்தால் அவர் வயதுதான் இருக்கும். கையெல்லாம் களிமண், பிடி மட்டும் இரும்பு. "யாரோட குரல் அது?" என்று கேட்டார். அப்பா என்றேன். "அப்பா இங்க இருக்காரா? இல்லல்ல? அப்ப கைய இறக்கு" என்றார்.

மணி உடையும் சத்தம் குரலுக்குச் சொந்தக்காரர் காதில் விழ வேண்டுமாம். விழுந்தால் குரல் அவரிடம் போய்விடும். விழாவிட்டால் காற்றோடு கலந்துவிடும். தன் கணவரின் குரல் இருந்த மணியை அந்தம்மாவே ஆத்திரத்தில் உடைத்திருக்கிறார். கணவர் அப்போது இரண்டு தெரு தள்ளி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாராம். அதற்குப் பிறகு அவர் சாகும்வரை பேசவில்லை. சொல்லி முடித்து அந்தம்மா மறுபடியும் மண் பிசையப் போய்விட்டார். நான் சம்மட்டியைக் கொண்டுபோய் இருந்த இடத்திலேயே வைத்தேன்.

ஆகவே மணியை உடைக்கப் போவதில்லை, பயப்படாதே. வேலையை ஒழுங்காகக் கற்றுக்கொள்கிறேன். அச்சுக்குள் கரி நெருப்பு வைத்து மெதுவாகக் காயவைக்க வேண்டும். மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் தெரியாது, புறங்கையை வைத்தால்தான் தெரியும். ஈரம் கொஞ்சம் இருந்தாலும் போதும், உருகிய வெண்கலம் பட்டதும் அச்சே வெடித்துவிடும். பக்கத்தில் நிற்பவன் அலறாமல் இருக்க முடியாது, எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும். முதலாளி கொட்டகைக்குள் ஒரு வார்த்தை பேசி இதுவரை யாரும் கேட்டதில்லை. கைத்தடியால் தரையில் தட்டுவார், அவ்வளவுதான். ஆனால் பெரிய மணி வார்க்கும்போது மட்டும் குழிக்குப் பக்கத்திலேயே வந்து நிற்பாராம்.

இங்கே குளிர் குறைந்துவிட்டது.

உன் தம்பி


பிப்ரவரி 12

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எல்லோரும் நலம். விசாரிப்பெல்லாம் இவ்வளவு போதும்.

வேலை கற்றுக்கொள்வதாக எழுதிவிட்டு ஈரத்தைப் பற்றியே பக்கத்தை நிரப்பியிருக்கிறாய். எதற்கு என்று நான் கேட்காமலே எனக்குப் புரிய வேண்டும் என்றுதானே எழுதினாய்? புரிந்துவிட்டது. அந்த ஆளை அலற வைத்து, அந்த அலறலை மணியில் பிடிக்கப் பார்க்கிறாய். பழிக்குப் பழி, குரலுக்குக் குரல்.

குழிக்குப் பக்கத்தில் அவன் மட்டும்தான் நிற்பானா? நெருப்புக்கு ஆள் பார்த்து எரியத் தெரியுமா? அந்த அச்சுக்காரம்மா எங்கே நிற்பார்? இதையெல்லாம் யோசித்தாயா, இல்லை யோசிக்கக் கூடாது என்று முடிவெடுத்துவிட்டாயா?

அப்பாவைப் பற்றி இன்றைக்கு உண்மையை எழுதுகிறேன். அவர் நலமில்லை. முந்தாநாள் கட்டாயப்படுத்திச் சந்தைக்குக் கூட்டிப் போனேன். பழைய ஆட்கள் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். புதிதாக ஏலம் விடுகிற பையன் ஒருத்தன் ஒரு மூட்டையின் விலையைத் தப்பாகக் கூவினான். அப்பா பழக்கத்தில் கையைத் தூக்கி வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. எல்லோரும் பார்த்தார்கள். அங்கேயே மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குப் படுத்தவர் சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறார்.

அவருக்கு ஒரு பிள்ளை பத்திரமாக இருக்கிறான் என்பதுதான் மிச்சம். அதையும் எடுத்துவிடாதே. பதில் போடு.

அக்கா


மார்ச் 20

தம்பிக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். பதில் வரவில்லை. தபால்காரர் என்னைப் பார்த்தால் தூரத்திலிருந்தே கையை விரித்துக் காட்டுகிறார், பாவம், அவர்மேல்தான் கோபம் வருகிறது. அப்பா இரண்டு வாய் சாப்பிட்டார். நீ வேறொன்றும் எழுத வேண்டாம். உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு வரி எழுது.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உயிரோடு இருக்கிறேன். நீ கேட்ட ஒரு வரி.

வேலை அதிகம். ஏதோ ஒரு பெரிய ஊரின் கடிகாரக் கோபுரத்துக்கு மணி கேட்டிருக்கிறார்கள். என் உயரத்துக்கு இருக்கும். அதன் அச்சைக் காயவைக்கும் பொறுப்பை என்னிடமே விட்டிருக்கிறார்கள். முதலாளியே வந்து பார்த்துவிட்டு என் முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்த இடத்தைக் குளிக்கும்போது கல்லால் தேய்த்தேன். இதற்குக் குரல் கொடுக்க ஒரு பாடகியைக் கூட்டி வரப் போகிறார் என்று பேச்சு அடிபடுகிறது. அவளுக்கும் அந்த நாற்காலிதான். அவள் வருவதற்கு முன்பு ஒரு வெள்ளோட்டமாகச் சின்ன மணி ஒன்றை வார்ப்போம். அதற்கும் முதலாளி நிற்பார்.

நீ எழுதியதையெல்லாம் படித்தேன். திரும்பத் திரும்பப் படித்தேன். கோபித்துக்கொள்ளாதே. அச்சுக்காரம்மா அன்றைக்குக் குழிப் பக்கம் வரமாட்டார், களிமண் கொட்டகையில் வேலை இருக்கிறது என்று அவரே சொன்னார்.

அப்பாவுக்குக் கால் பிடித்துவிடு. உன் முழங்காலையும் பார்த்துக்கொள்.

தம்பி


ஏப்ரல் 23

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். கையெழுத்து கோணலாக இருந்தால் பயப்படாதே, விரலில் கட்டுப் போட்டிருக்கிறது. பட்டறையில் சின்ன விபத்து. காது சில நாள் அடைத்துப்போயிருந்தது, இப்போது தெளிந்துவிட்டது. நேற்று தகரக் கூரையில் மழை விழுவது கேட்டது. இவ்வளவு நல்ல சத்தமா அது? இத்தனை நாள் கவனிக்கவே இல்லை.

முதலாளி இப்போது இங்கே இல்லை. பட்டறையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். அந்த நாற்காலியை உடைத்து அடுப்பில் வைத்துவிட்டோம். பாடகி வந்தாள், விஷயத்தைக் கேட்டுவிட்டு வந்த வழியே ஓடினாள். அப்பாவின் மணி பத்திரமாக இருக்கிறது.

இப்போதெல்லாம் உனக்குக் கடிதம் எழுத ஆசையாக இருக்கிறது. அறைக்காரர்கள் சீட்டாடும்போது நான் எழுதிக்கொண்டே இருக்கிறேன். இங்கே ஒரு பூனை இருக்கிறது, ஒரு காது கிடையாது, அதற்கு 'முதலாளி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஜன்னலுக்கு எதிரே ஒரு ரொட்டிக்கடை. அந்தக் கடைக்காரர் மாவு பிசைந்துகொண்டே பாடுவார், சுருதி சுத்தமாகச் சேராது. அதற்காகவே கேட்கலாம். உனக்கு எழுத இன்னும் நிறைய இருக்கிறது.

உன் தம்பி


ஏப்ரல் 25

முன்பின் தெரியாத உங்களுக்கு,

அச்சுக்காரம்மா என்று உங்கள் தம்பி எழுதியிருப்பானே, அது நான்தான். வணக்கம். நீங்களும் உங்கள் அப்பாவும் நலமாக இருக்க வேண்டும். உங்கள் தம்பியும் சாப்பிட்டு, தூங்கி, நலமாகத்தான் இருக்கிறான். ஆனால் அவன் உங்களுக்கு எழுதாத ஒன்று இருக்கிறது. அவனாக எழுதமாட்டான் என்று தெரிந்ததால் நான் எழுதுகிறேன்.

சின்ன மணி வார்த்த அன்று எனக்குக் குழிப் பக்கம் வேலை இல்லைதான். ஆனால் அது நான் செய்த அச்சு. காற்றுத்துளை ஒன்றை மண் மூடியிருந்த மாதிரி தோன்றியது. மனசு கேட்கவில்லை. எல்லோரும் துணி கட்டி நிற்கும்போது நானும் துணியைக் கட்டிக்கொண்டு போய்க் குனிந்து பார்த்தேன். அதற்குள் உலோகம் உருக்கும் மூசையைச் சாய்த்து ஊற்ற ஆரம்பித்துவிட்டார்கள். முதலாளி எனக்கு எதிர்ப்பக்கம் நின்றார். உங்கள் தம்பி தூரத்தில் தூண் மறைவில் நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் துணியைப் பிய்த்தெறிந்துவிட்டு, "அம்மா, தள்ளிப் போங்க!" என்று கத்தினான்.

அந்தக் கொட்டகையில் யாரும் கத்தி நான் கேட்டதே இல்லை. பயத்தில் பின்னால் விழுந்தேன். அதனால்தான் இன்றைக்கு உட்கார்ந்து எழுதுகிறேன். அச்சு வெடித்துவிட்டது. உலோகம் கூரைவரை போனது.

அவன் குரல் அப்போதே மணிக்குள் போயிருந்தது, வெடித்ததில் மணியும் துண்டு துண்டானது. அவன் அங்கேயேதான் நின்றான். ஆனால் வெடிச் சத்தத்தில் அவன் காது அடைத்துவிட்டது, மணி உடைந்தது காதில் விழவில்லை. அவன் குரல் அச்சிலிருந்து கிளம்பி, கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றி, கூரை ஓட்டை வழியாக வெளியே போனதை நாங்கள் எல்லோரும் கேட்டோம். அவன் ஒருவனுக்குத்தான் கேட்கவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு என்ன என்று கையால் கேட்டான்.

முதலாளிக்கு ஒரு கீறலும் இல்லை. அவ்வளவு வெடித்தும் அந்த மனிதர் அலறவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார். இத்தனை காலம் நாங்கள் அவரைப் பார்த்துப் பயந்தோம். அங்கே இருந்தவர்களிலேயே அதிகம் பயந்தவர் அவர்தான் என்று அன்றைக்குத்தான் பார்த்தோம். அப்புறம் எங்கள் ஆட்களைப் பிடிக்க முடியவில்லை. அவரை இழுத்து வந்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இன்னொரு மூசையில் உலோகம் கொதித்துக்கொண்டிருந்தது, காய்ந்த அச்சும் இருந்தது. "இப்பப் பேசுங்க மொதலாளி, நாங்க கேக்கணும்" என்று ஒருவன் தடியை ஓங்கினான். நானும்தான் சொல்கிறேன், என் கணவரை நினைத்துக்கொண்டு, அடி என்றேன்.

உங்கள் தம்பி வந்தான். முகமெல்லாம் கரி, கையில் ரத்தம். இடுக்கியால் மூசையைப் பிடித்து, உலோகம் முழுவதையும் மணல் தரையில் கவிழ்த்துவிட்டான். அது அப்படியே ஓடி உறைந்தது. பிறகு கையைத் தூக்கி, எங்கள் வழக்கத்தில் 'நிறுத்து' என்று சாடை காட்டினான். பேச்சில் சொல்லியிருந்தால் யாரும் நிறுத்தியிருக்கமாட்டார்கள்.

அதிகாரிகள் வந்தார்கள். இந்த முறை வாயால் சொல்ல ஒரு பட்டறையே இருந்தது, எல்லோரும் சொன்னோம். முதலாளி இப்போது சிறையில் இருக்கிறார், வழக்கு நடக்கிறது.

அச்சில் ஈரம் வைத்தது தான்தான் என்று உங்கள் தம்பி என் மேசைக் களிமண்ணில் விரலால் எழுதிக் காட்டினான். ஓங்கி ஒரு அறை விட்டேன். பிறகு உட்கார வைத்துச் சாப்பாடு போட்டேன். இரண்டும் அவனுக்குச் சேர வேண்டியதுதான்.

அவனைத் திட்டாதீர்கள் என்று சொல்லமாட்டேன். கொஞ்சம் பொறுத்துத் திட்டுங்கள்.

அச்சுக்காரம்மா


மே 4

என் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எங்கள் நலத்தைப் பற்றி அப்புறம்.

அச்சுக்காரம்மாவின் கடிதம் வந்தது. நீ பூனையைப் பற்றியும் ரொட்டிக்கடையைப் பற்றியும் எழுதியதை மறுபடியும் எடுத்துப் படித்தேன். படித்துவிட்டுத் துணி மூட்டை மேல் விழுந்து அழுதேன். கடைக்காரம்மா கதவைச் சாத்திவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆளை விட்டுவிட்டாயே. வேண்டாம் வேண்டாம் என்று நான் உனக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதினேன். உனக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்பதற்காக எழுதினேனே தவிர, அவனுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று இல்லை. நாற்காலியில் உட்கார வைத்தாகிவிட்டது, உலோகமும் கொதிக்கிறது, அதைப் போய் மணலில் கொட்டியிருக்கிறாய். நானாக இருந்தால் கொட்டியிருக்கமாட்டேன். இது ராத்திரி யோசித்தபோதும் மாறவில்லை.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நீ வாயைக் கொடுத்து ஒருவரைப் பிழைக்க வைத்திருக்கிறாய். அதை நினைத்தால் கோபம் நிற்கமாட்டேன் என்கிறது. நீ அம்மா என்று கூப்பிட்டாயாமே. கடைசியாகச் சொன்ன வார்த்தை அது என்றால் எனக்குச் சம்மதம்தான்.

சின்ன வயதில் உன் வாயை மூட முடியாமல் உன்னைக் கொல்லைப்புறத்துக்கு அனுப்புவேன். அங்கே போய்ச் செடியிடம் பேசுவாய். உன்னை என்ன செய்வதடா நான்.

அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. தைரியம் இல்லை. வீட்டுக்கு வந்துவிடு.

அக்கா


மே 15

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நலம், இந்த முறை ஒளிக்காமல் எழுதுகிறேன். விரல் ஆறிவிட்டது. காலையில் எழுந்ததும் பேச வாயைத் திறந்துவிடுகிறேன், அது ஒன்றுதான் கஷ்டம். மற்றபடி இங்கே எல்லோருக்கும் கைச்சாடை தெரியும் என்பதால் பேச்சில் குறை வைக்கவில்லை. சீட்டாட்டத்தில் என்னைத்தான் ஏமாற்றுக்காரன் என்கிறார்கள்.

அந்த ஆளை ஏன் விட்டேன் என்கிறாய். அவர் வாயைப் பொத்திக்கொண்டு நடுங்கினார். அப்பா அன்றைக்கு வீட்டுக்கு வந்து வாசலில் நின்றாரே, நாம் என்ன ஆச்சு என்ன ஆச்சு என்று உலுக்கினோமே, அதே நடுக்கம். அதை நான் என் கையால் இன்னொரு ஆளுக்குச் செய்ய வேண்டியிருந்தது. முடியவில்லை. அச்சுக்காரம்மாவைக் கிட்டத்தட்டக் கொன்றுவிட்டுத்தான் இதைக் கண்டுபிடித்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் சாப்பாடு இறங்குவதில்லை. நீ கோபமாகவே இரு. அதில் தப்பில்லை.

அப்பாவின் மணியை இறக்கிவிட்டோம். வைக்கோல் சுற்றி லாரியில் அனுப்பியிருக்கிறேன். லாரிக்காரர் நம்பிக்கையானவர், அவருடைய தங்கையின் மணியும் இங்கே இருந்தது. சம்மட்டியும் கூடவே வருகிறது. அப்பா பக்கத்தில் இருக்க வேண்டும், காதில் விழ வேண்டும், இரண்டையும் பார்த்துக்கொண்டு உடையுங்கள்.

நான் வரவில்லை. இங்கிருந்து மணிகள் பல ஊர்களுக்குப் போயிருக்கின்றன. ஒவ்வொன்றாக வாங்கி வருகிறோம், கொடுக்க மறுக்கிறவர்களிடம் அதிகாரிகளோடு போகிறோம். ஆனால் யாருடைய குரல் எது என்று தெரியவில்லை. வண்டியில் ஏற்றிச் சந்தை சந்தையாகப் போய் அடித்துக் காட்டுகிறோம். ஒருவரும் கிட்டே வருவதில்லை, மணி விற்க வந்தவர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கூட்டத்தைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்ல வேண்டும். பட்டறை ஆட்கள் எல்லோரும் இத்தனை வருடம் வாயைக் கட்டிக்கொண்டு வேலை செய்தவர்கள், குரலை உயர்த்தினால் இருமல் வருகிறது. என் கதைதான் உனக்குத் தெரியுமே.

அப்பா பேசினால் என்ன பேசினார் என்று எழுது. ஒரு வார்த்தைகூட விடாமல் எழுது.

உன் தம்பி


மே 27

என் அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். நான் நலம். அப்பாவும் நலம். இதை நான் முதல் தடவையாகப் பொய்யில்லாமல் எழுதுகிறேன்.

லாரி வந்து நின்றதும் அப்பா வழக்கம்போலக் கதவுக்குப் பின்னால் போய்விட்டார். மணியை இறக்கும்போது அதைப் பார்த்துவிட்டார். நடுக்கம் வந்துவிட்டது. அந்த ஆள்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தாரோ என்னவோ. இஸ்திரிக்கடைப் பெண்கள், லாரிக்காரர், தெருக்காரர்கள் என்று கூட்டம் கூடிவிட்டது, அப்பாவைக் கூப்பிட்டால் வரவே இல்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை. மணியை ஒரு தடவை மெதுவாகத் தட்டினேன்.

தம்பி, நீ எழுதியதெல்லாம் வெறும் காகிதம். தெருவே அப்பாவாகிவிட்டது. கடைக்காரம்மா உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கதவு அசைந்தது. அப்பா வெளியே வந்தார். மணியைத் தடவிப் பார்த்தார். உடைத்தால்தான் கிடைக்கும் என்று லாரிக்காரர் சொன்னார். நான் சம்மட்டியைத் தூக்கப் போனேன், என் கையிலிருந்து அவரே வாங்கிக்கொண்டார். முதல் அடியில் உடையவில்லை, இரண்டாவதிலும் இல்லை. அப்புறம் அவர் அடித்த அடியைப் பார்த்து நான் நகர்ந்து நின்றேன். அத்தனை வருடக் கோபமும் வெண்கலத்தின் மேல்தான் விழுந்தது. விரிசல் விட்டு, பிளந்து, இரண்டாக விழுந்தது.

வாயைத் திறந்தார். முதலில் இருமினார். பிறகு என்னைப் பார்த்து, "அவன் எங்கடி?" என்று கேட்டார்.

நீ கேட்டதால் எழுதுகிறேன், அதுதான் முதல் வார்த்தை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். மரப்பட்டறைப் பொய்யிலிருந்து மூசையைக் கவிழ்த்தது வரை. கேட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு முழுவதும் குரல் இருந்தும் ஒரு சொல் பேசவில்லை. தெருக்காரர்கள் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். குரல் சரியாக ஒட்டவில்லை போல என்று பேசிக்கொண்டார்கள். எனக்கும் அந்தப் பயம்தான்.

மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் அப்பா முகம் மழித்துக்கொண்டிருந்தார். பெட்டியில் இரண்டு சட்டை மடித்து வைத்திருந்தது, மடிப்பு கேவலமாக இருந்தது. எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டேன். உன் கடிதத்தைக் கையில் வைத்திருந்தார், சந்தை சந்தையாகப் போகிறீர்கள் என்று எழுதியிருந்தாயே, அது.

"கூட்டம் சேர்க்கத் தெரியலன்னு எழுதியிருக்கான். மணிய அடிச்சா யாரு வருவா? கூப்பிட வேணாமா? எனக்கு அது ஒண்ணுதானடி தெரியும்" என்றார். தனியாகப் போக வேண்டாம், அந்தப் பட்டறைக்கா போகிறீர்கள், பயமாக இல்லையா என்றேன். "பயமாத்தான் இருக்கு" என்றார். பிறகு சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "எம் பிள்ளைக்குப் பேச ஆள் வேணும்ல?" என்றார். சட்டைகளை வாங்கி நன்றாக மடித்து வைத்தேன்.

நான் அடுத்த மாதக் கடைசியில் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன். கடைக்காரம்மா இப்போதே சரி என்றுவிட்டார். அச்சுக்காரம்மாவுக்கு என் வணக்கம். அவர் விட்ட அறைக்கு நன்றி சொன்னதாகவும் சொல்.

அப்பா வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறார். நிலையத்தில் கூட்டமாக இருக்கும், கண்ணும் அவருக்கு முன்பு மாதிரி இல்லை. அவர் உன்னைத் தேடமாட்டார், கூப்பிடுவார். சத்தம் வருகிற பக்கம் போ.

அக்கா